பாப்பாவுக்கு எந்த ஊர்

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள் பார்க்கலாம். ஒரு பெண் குழந்தை. வயது ஐந்து இருக்கும். பேர் கேட்டால் பாப்பா என்கிறது. விளக்குமாற்றை வாரியல் என்கிறது, குடிக்கிற தண்ணீரை வெள்ளம் என்கிறது, மரவள்ளிக் கிழங்கை மரச்சீனி என்கிறது. பாப்பாவுக்கு எந்த ஊர்? யோசிக்கவே வேண்டாம். எங்கள் மொழியியல் துறையில் முதல் வருடம் படிக்கிற பிள்ளைகளிடம் கேட்டால், கேள்வி முடிவதற்குள் கை தூக்கிவிடுவார்கள்: கன்னியாகுமரி மாவட்டம், அதிலும் மேற்குப் பக்கம், கல்குளத்துக்கும் விளவங்கோட்டுக்கும் நடுவில் எங்கேயாவது. நானும் அதைத்தான் சொன்னேன். சொன்னதோடு விடவில்லை, எழுதியும் கொடுத்தேன். முப்பத்து நான்கு வருடம் ஊர் ஊராகப் போய்ச் சொல் சேகரித்தவள் என்ற முறையில் சொல்கிறேன் என்று தொடங்கி, ‘ஐயமின்றி’ என்று ஒரு சொல்லை நடுவில் செருகி, மங்கையர்க்கரசி என்று முழுப்பேரையும் போட்டு, அடியில் ஒரு கோடும் இழுத்தேன். அது நடந்து எட்டு நாளாயிற்று. இப்போது திருச்சியில் குழந்தைகள் காப்பகத்துத் தாழ்வாரத்தில், ஒரு கால் குட்டையான பெஞ்சில், ஆடாமல் உட்காரக் கற்றுக்கொண்டு, அந்த ‘ஐயமின்றி’யை மட்டுமாவது திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். மணி மூன்றாகப் பத்து நிமிடம் இருக்கிறது. நாலு மணிக்குக் குழந்தைகள் நலக் குழு கூடும். கூடினால் என் கடிதத்தைப் படிப்பார்கள். படித்தால் பாப்பா ஐந்தே முக்கால் ரயிலில் நாகர்கோவிலுக்குப் போய்விடுவாள். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு சொல்லுக்கு இவ்வளவு தூரம் இழுக்கிற வலு உண்டு என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் அந்த அடிக்கோட்டையாவது இழுக்காமல் இருந்திருப்பேன்.

எதிரே தரையில் பாப்பா உட்கார்ந்து, நான் சொல் கேட்கக் காட்டுகிற படக்கட்டை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். பானை மேல் ஏணி, ஏணி மேல் அம்மிக்கல், அம்மிக்கல் மேல் ஆட்டுக்குட்டி. அடுக்குவதில் ஒரு ஒழுங்கும் இல்லை, ஆனால் ஓரம் மட்டும் ஒன்றோடு ஒன்று சரியாக ஒட்ட வேண்டும் அவளுக்கு. பதினான்கு நாளைக்கு முன்னால் திருச்சி ரயில் நிலையத்தில், நடைமேடையின் கடைசியில், ஒரு காலி அட்டைப் பெட்டிக்குள் கால் மடக்கி உட்கார்ந்திருந்தவள். யாரோடு வந்தாய், எந்த ரயில், எதற்கும் பதில் இல்லை. படம் எடுத்து எல்லா மாவட்டத்துக்கும் அனுப்பினார்கள். இப்படி ஒரு குழந்தையைக் காணோம் என்று ஒருவரும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. முதல் வாரம் வந்துபோன ஆலோசகர் பெண், குழந்தை அடிக்கடி ‘வெள்ளம், வெள்ளம்’ என்று கேட்கிறது, வெள்ளத்தில் எல்லாவற்றையும் இழந்த குடும்பமாக இருக்கலாம் என்று கோப்பில் எழுதிவிட்டுப் போனாள். அதைக் கேட்டுச் சமையல் தங்கபாய் சிரித்த சிரிப்பில் குழம்பு அடிப்பிடித்ததாம். தங்கபாய்க்குத் தக்கலை பக்கம். “வெள்ளம்னா எங்க ஊர்ல குடிக்கப்பட்ட தண்ணியாக்கும் மேடம். பிள்ள வெள்ளம் வேணும்னு கேட்டுச்சு பாத்தியளா, எனக்கக் கண்ணு நெறஞ்சு போச்சு. எனக்க ஊருப் பிள்ளயாக்கும்!” கண்காணிப்பாளர் ரெஜினா பல வருடத்துக்கு முன்பு என் வகுப்பில் படித்தவள். எதையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் செய்வாள். அது நான் சொல்லிக்கொடுத்ததுதான். “ஊர் தெரியலைன்னா இங்கயே வச்சுத் தேடணும் மேடம். தெரிஞ்சுட்டா அந்த மாவட்டத்துக்கு அனுப்பிடணும், அதுக்கப்புறம் தேடுறது அவங்க பொறுப்பு. நீங்க வந்து ஒரு தடவை பாத்துச் சொல்லிடுங்க” என்று கூப்பிட்டாள். ஆலோசகர் செய்த தவற்றைத் திருத்துவதற்காகக் கூப்பிடப்பட்டவள் நான். திருத்தினேன், ஐயமின்றி. போதும் அந்தச் சொல்.

அரை மணி நேரத்துக்கு முன்னால் நடந்தது இவ்வளவுதான். வாசல் காவலர் மாதையன், சேலத்துப் பக்கம் ஓமலூர்க்காரர், படிக்கட்டில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தார். பாப்பா படக்கட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள். “தாத்தா, குச்சிக்கெழங்கு எனக்கு?” “வா கண்ணு. கேக்கறதப் பாரு, குடுத்து வெச்சவளாட்டம். காரம் போட்டது வேணுமா, சும்மா வெந்தது வேணுமா?” “காரம்.” “தின்னுபோட்டு ஒடனே தூரி ஆடப்படாது, வயிறு பொரட்டும்.” “தூரி ஆடமாட்டேன்.” நான் சுண்டல் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தேன். குச்சிக்கிழங்கு. தூரி. இரண்டும் சேலத்துப் பக்கத்துச் சொற்கள், அதுவும் நாக்கில் ஊறின மாதிரி, ஒரு தட்டுத்தடங்கல் இல்லாமல். எட்டு நாளைக்கு முன்னால் இதே கிழங்கின் படத்தைக் காட்டியபோது மரச்சீனி என்றவள். ஊஞ்சல் படத்துக்கு ஊஞ்சல் என்றவள். “மாதையன், நீங்க சொல்லிக்குடுத்தீங்களா?” என்று கேட்டேன். “நான் எதுக்குங்க சொல்லிக் குடுக்கறேன்? அதா பேசுதுங்க. எங்கூருப் புள்ளைங்க மேடம் அது. வந்த அன்னிக்கே ஆபீசுல சொன்னேன். காவக்காரன் சொன்னா ஆரு கேக்கறா?” தங்கபாய்க்குத் தங்கபாய் ஊர்ப் பிள்ளை, மாதையனுக்கு மாதையன் ஊர்ப் பிள்ளை. நான் ஒருத்திதான் பாக்கி, என் ஊர் மன்னார்குடிப் பிள்ளை என்று சொல்ல.

சேலமா? கிழங்கு அரைக்கிற ஜவ்வரிசி ஆலைப் பக்கமா? ஒரு நிமிடம் மனம் அந்தப் பக்கம் ஓடத்தான் செய்தது. கடிதத்தில் ஊர்ப் பேரை மட்டும் மாற்றிவிட்டால் தீர்ந்தது, மற்றதெல்லாம் அப்படியே இருக்கலாம், முப்பத்து நான்கு வருடமும் கையெழுத்தும் கோடும். வெட்கங்கெட்ட மனம். இந்தச் சொற்களோடு மாரடித்தே என் ஆயுள் போயிற்று. ஓர் ஆற்றைத் தாண்டினால் வேறாகிவிடும், ஆறு வற்றினால் மறுபடியும் கலந்துவிடும். இந்த நூற்று அறுபது படங்களை வரையும்போது மாட்டுவண்டிப் படத்தைக் காட்டினால் எல்லாக் குழந்தையும் வண்டி என்றது. போன வருடம் ஒரு பள்ளியில் காட்டினேன். “வண்டி எங்க இருக்கு? மாடுதான் இருக்கு” என்றான் ஒருவன், அவனுக்கு வண்டி என்றால் அப்பாவின் மோட்டார் சைக்கிள். தபால் பெட்டியைக் காட்டினால் குப்பைத்தொட்டி. சுற்றுகிற டெலிபோனைக் காட்டினால் எடை மிஷின். சிரித்துவிட்டு வந்தேனே தவிர, படத்தை மாற்றவில்லை. சொல் நகர்கிறது என்று மேடை மேடையாகப் பேசுவேன், கையில் மட்டும் அதே பழைய கட்டு, ரப்பர் பேண்டு மட்டும் புதிது. சரி, இப்போது என்ன? சோதித்துப் பார்த்துவிடலாம் என்று பாப்பாவைக் கூப்பிட்டேன். கிழங்குப் படத்தை எடுத்து நீட்டினேன். “பாப்பா, இது என்ன?” சொன்னாள்: “மரவள்ளி.” மரவள்ளி! அது என் சொல். என் வீட்டுச் சொல், வெண்ணாற்றங்கரைச் சொல். போன தடவை படங்களைக் கட்டும்போது ‘மரவள்ளியைக் காணோமே’ என்று எனக்கு நானே முணுமுணுத்தேன், அவ்வளவுதான். விளக்குமாற்றுப் படத்தை எடுத்தேன். “விளக்குமாறு” என்றாள். வாரியல் எங்கே போயிற்று? அடுத்த படம், அதற்கடுத்த படம். நாலாவது படத்தில்தான் கவனித்தேன். அவள் படத்தைப் பார்க்கவே இல்லை. நான் படத்தைத் தூக்கியதும் அவள் கண் என் முகத்துக்கு வந்தது. முகத்தைப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் சொன்னாள்.

முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். இதை எட்டு நாளைக்கு முன்னால் பார்த்திருக்க வேண்டியவள் நான். வேறு யார் பார்ப்பார்கள்? களப்பணிக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் சொல்கிற விதியே அதுதான்: சொல்லை நீ முந்திச் சொல்லாதே, தலையை ஆட்டாதே, சிரிக்காதே, சொல்கிறவர் பக்கத்தில் இன்னொரு ஆளை உட்காரவைக்காதே. நூறு தடவை சொல்லியிருப்பேன். அன்றைக்கு என்ன செய்தேன்? ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். பானைப் படத்தைக் காட்டி, “உங்க வீட்ல இதை என்னன்னு சொல்வீங்க?” என்று கேட்டேன். எங்கள் கேள்வி எப்போதும் அப்படித்தான் தொடங்கும். பள்ளியில் சொல்லிக்கொடுத்த சொல் வரக்கூடாது, வீட்டுச் சொல் வர வேண்டும் என்பதற்காக யோசித்து யோசித்து அமைத்த கேள்வி. பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மிக்கல். “உங்க வீட்ல இதை என்னன்னு சொல்வீங்க?” உதடு கோணியது. ஏணி. “உங்க வீட்ல…” அழ ஆரம்பித்துவிட்டாள். சத்தமே இல்லை. குழந்தை அழுதால் சத்தம் வர வேண்டும், இது சத்தத்தை உள்ளே இழுத்துக்கொண்டு தோளை மட்டும் குலுக்கியது. ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தங்கபாய் வந்தாள். “பிள்ளய எதுக்கு மேடம் கரைய விடுதிய? கரையாத மக்களே, வா, அக்கா மடியில இரி.” மடியில் தூக்கி உட்காரவைத்துக்கொண்டாள். நான் விட்டுவிட்டேன். குழந்தை அழுகிறதே என்று இரக்கப்பட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் எனக்கு இரண்டு மணிக்குப் பஸ். அதற்கப்புறம் படம் படமாகப் பதில் வந்தது. குமரியைக் காட்டிக்கொடுக்கிற சொல் பத்து இருக்கும், பத்தும் வந்தன. தெரியாத படம் வந்தால் நிமிர்ந்து தங்கபாயின் உதட்டைப் பார்த்தாள், உதடு முந்திக்கொண்டது, இவள் பின்னால் சொன்னாள். நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். இத்தனை வருடத்தில் அவ்வளவு சுத்தமான விவரம் எனக்குக் கிடைத்ததே இல்லை. சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? சந்தோஷம் அல்லவா வந்தது. தங்கபாய்க்குக் கண் நிறைந்தது, எனக்குத் தாள் நிறைந்தது.

சுத்தமான விவரம். அந்தச் சொல்லைப் பிடித்துத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அந்தக் காலத்து ஆய்வில் யாரிடம் சொல் கேட்கலாம் என்பதற்கு ஒரு தகுதி வைத்திருந்தோம்: பிறந்த ஊரை விட்டு வெளியே போய்த் தங்காதவராக இருக்க வேண்டும். போய்வந்தவர் பேச்சுக் கலந்திருக்கும், ஆகவே வேண்டாம். பண்ருட்டிப் பக்கம் ஒரு கரும்பு வெட்டுக்காரர் முகாமில் அஞ்சலை என்று ஒருத்தி, அப்போது என் வயதுதான் இருக்கும், தானாக வந்து உட்கார்ந்தாள். “என்னக் கேளுங்க, எனக்கு எல்லாம் தெரியும்.” கேட்டேன். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று சொல் சொன்னாள், நிலக்கடலைக்குக்கூட. “இங்கத்திக்காரங்க மல்லாட்டம்பாங்க. எங்கம்மா கடலக்காம்பா. மேஸ்திரி இருந்தா வேற மாரி சொல்லுவேன்.” எதுக்கு வேற மாதிரி என்று கேட்டேன். கரும்புச் சோகை கிழித்த கையை ஆட்டிக்கொண்டு சிரித்தாள். “அவன் ஊருப் பேச்சு பேசுனாத்தான் அடி கம்மி.” நன்றி சொல்லி எழுப்பிவிட்டு, அவள் தாளில் மூலைக்கு மூலை குறுக்கே கோடு இழுத்து, ‘வெளியூர் போனவர், தகுதியில்லை’ என்று எழுதினேன். அவள் எட்டிப் பார்த்து, “என்னம்மா, தப்பாச் சொல்லிட்டனா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். முப்பது வருடத்துக்கு மேலாயிற்று, இன்றைக்குத்தான் அந்தக் கேள்வி காதில் விழுகிறது. ஊரை விட்டுப் போகாதவர்களை மட்டும் வைத்து வரைந்த சொல் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ரயில் நடைமேடையில் கிடைத்த குழந்தைக்கு ஊர் தேடினேன். அந்த வரைபடத்தில் இவளுக்கு இடம் எப்படி இருக்கும்? நாங்கள்தான் இவளைப் போன்றவர்களை முதலிலேயே எடுத்துவிட்டோமே. அதைவிட ஒன்று பயமாக இருக்கிறது. அஞ்சலை பெரியவள், சிரித்துக்கொண்டு சொன்னாள். ஐந்து வயதில் ஒரு குழந்தை ஆளுக்கொரு பேச்சைப் பதினான்கு நாளில் பிடித்துக்கொள்கிறது என்றால், முகத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கிறது என்றால், இதற்கு முன்னால் அது எத்தனை முகத்தைப் பார்த்துப் பழகியிருக்க வேண்டும்? பயிற்சி இல்லாமல் இது வராது. யாரிடம் அந்தப் பயிற்சி? மணி மூன்றே கால். மின்விசிறி கடகடக்கிறது. பாப்பா ஆட்டுக்குட்டிப் படத்தின் மூலையை நிமிர்த்திக்கொண்டிருக்கிறாள்.

ரெஜினா கோப்போடு வந்தாள். “முடிஞ்சது மேடம். உங்க கடிதம் மேல, புகைப்படம் கீழ. நீங்க இருந்தா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடலாம், இல்லன்னாலும் பரவாயில்லை.” “ரெஜினா, அந்தக் கடிதம் தப்பு.” “எந்தக் கடிதம்?” “என் கடிதம்.” அவள் உட்காரவில்லை. “மேடம், விளையாடாதீங்க. கூடப் போற போலீஸம்மா வந்து உக்காந்து டீ குடிச்சுட்டிருக்காங்க. டிக்கெட் போட்டாச்சு. நாகர்கோவில்ல ஆள் நிக்கிறாங்க.” “அவ குமரிப் பிள்ளைன்னு சொல்ல முடியாது.” “அப்ப எந்த ஊரு?” “தெரியாது.” “சேலமா? மாதையன் சொல்லிட்டே இருக்காரு.” “தெரியாது.” ரெஜினா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “தெரியாதுன்னு நீங்க சொல்லி நான் கேட்டதே இல்ல மேடம். வகுப்புல எவனாவது தும்முனாலே எந்தத் தாலுக்கான்னு சொல்லுவீங்க.” “அது கொழுப்பு.” “இத எட்டு நாளைக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்ல?” சொல்லியிருக்கலாம்தான். அதற்குள் தங்கபாய் கரண்டியோடு வந்துவிட்டாள். பாப்பாவுக்கு ரயிலில் கொடுத்துவிட ஒரு தூக்கில் புளிச்சோறு கட்டியிருந்தாளாம். “என்ன மேடம் சொல்லுதிய? பிள்ள எனக்க ஊரு இல்லியா? எனக்க அக்காக்காரிக்கிட்ட ஸ்டேஷன்ல வந்து பாக்கச் சொல்லியிருக்கேன்.” வாசலிலிருந்து மாதையன் குரல் கொடுத்தார், “அதத்தானுங்க நான் மொதல்லயே…” “ஓய், ஒம்ம சோலியப் பாரும். ஒரு கெழங்கக் குடுத்துட்டு ஊரச் சொந்தம் கொண்டாடுதாரு.” “நீ மட்டும் என்னம்மா குடுத்த? தண்ணி குடுத்த.” இரண்டு பேரும் சண்டை போட, பாப்பா அடுக்குவதை நிறுத்திவிட்டு ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குப் பார்த்தாள். பிறகு தங்கபாயிடம் போய் முந்தானையைப் பிடித்து, “அக்கா, வெள்ளம்” என்றாள். தங்கபாய் சண்டையை விட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள். பாப்பா குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு மாதையனிடம் போய், “தாத்தா, தூரி ஆடலை” என்றாள். அவரும் அடங்கினார். இருவரையும் அவரவர் சொல்லைக் கொடுத்து அமர்த்திவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்து ஏணியை எடுத்தாள். ரெஜினாவின் கையிலிருந்த கோப்பு மெதுவாகக் கீழே இறங்கியது. அவளும் பார்த்துவிட்டாள், நல்லவேளையாக, என் விளக்கம் தேவைப்படவில்லை. “இப்ப நான் குழுகிட்ட என்ன மேடம் சொல்லட்டும்?” என்றாள், குரலைத் தாழ்த்தி. “மேடத்துக்குத் தெரியலையாம்னா?” “அதைத்தான் எழுதித் தரப்போறேன்.” “அது மட்டும் போதாது மேடம். டிக்கெட் வரைக்கும் வந்தாச்சு. இல்ல, அனுப்பித்தான் பாப்போம், அங்க போய் யாராவது அடையாளம் கண்டா கண்டதுதானேன்னு கேப்பாங்க. நிறுத்தணும்னா ஒரு காரணம் வேணும்.”

காரணம். பதினான்கு நாளாகக் கேட்டதெல்லாம் எந்த ஊர், எந்த ரயில், எந்த வீடு. போலீஸ் கேட்டது, ஆலோசகர் கேட்டது, நான் படத்தைக் காட்டிக் காட்டிக் கேட்டேன். உங்க வீட்ல, உங்க வீட்ல, உங்க வீட்ல. நூற்று அறுபது பொருளுக்கும் ஊர் ஊராகச் சொல் மாறும் என்று தெரிந்து சரிபார்த்த நாங்கள், கேள்வியின் உள்ளேயே இருந்த வீடு என்ற சொல்லை ஒருவரிடமும் சரிபார்த்ததில்லை. அதற்கு எல்லா ஊரிலும் ஒரே பொருள் என்று எடுத்துக்கொண்டோம். மூன்று தடவை அந்தச் சொல்லைச் சொன்னேன், மூன்றாவது தடவை அழுதாள். வீட்டு ஞாபகம் என்று தாளின் ஓரத்தில் குறித்தேன். எந்த ஆதாரத்தில் குறித்தேன்? பாப்பாவுக்கு அங்கே போக வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி என்றே தோன்றவில்லை. இப்போது கேட்கலாம் என்றால் எந்தச் சொல்லில் கேட்பது? வீடு கூடாது. ஊர்? ஊர் என்று அவளுக்கு ஒன்று இருந்ததோ இல்லையோ. அம்மாகிட்டப் போறியா என்றால் அம்மா என்று யாரைக் கூப்பிடச் சொல்லியிருந்தார்களோ. உன் ஆளுங்க என்றால் யார் அவள் ஆட்கள்? கூட்டிவந்தவங்க என்றால், கூட்டி வந்தார்களா, விட்டுவிட்டுப் போனார்களா, இவளே நழுவி வந்து பெட்டிக்குள் உட்கார்ந்தாளா? எந்தச் சொல்லைத் தொட்டாலும் அடியில் நான் பார்க்காத ஏதோ ஒன்று அசைகிறது. முப்பத்து நான்கு வருடத் தொழில், ஒரு கேள்விக்கு ஒரு சுத்தமான சொல் கிடைக்கவில்லை. மூன்றரை. தங்கபாயை அடுப்பைப் பார்க்கச் சொன்னேன். மாதையனை வாசலுக்குப் போகச் சொன்னேன். ரெஜினாவை எங்களுக்குப் பின்னால், பாப்பாவின் கண்ணில் படாத இடத்தில் நிற்கச் சொன்னேன். தரையில் உட்கார்ந்தேன், எதிரில் இல்லை, பக்கத்தில், இருவருமாகச் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்துக்கொண்டு. என் முகம் அவளுக்குத் தெரியக்கூடாது. படக்கட்டை எடுத்து என் பைக்குள் போட்டுவிட்டேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஓரளவுக்குப் பரவாயில்லை என்ற சொற்களைத் தேர்ந்துகொண்டு கேட்டேன். “பாப்பா, முன்னாடி இருந்த எடத்துக்குப் போறியா, இங்க இருக்கியா?” “இங்க இருக்கேன்” என்றாள். ரெஜினா பேனாவைத் திறந்த சத்தம் கேட்டது. எழுதாதே என்று கையைக் காட்டினேன். இரண்டில் எது என்று கேட்டால், பிறரைத் திருப்திப்படுத்த நினைக்கிறவர்கள் கடைசியில் காதில் விழுந்ததைச் சொல்லிவிடுவார்கள். ஒரு பதிலை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் முடிவு செய்ய முடியாது; வரிசையை மாற்றிக் கேட்டும் அதே பதில் வந்தால்தான் குழுவிடம் சொல்லக் காரணமாகும். சுவரில் ஒரு எறும்பு மேலே ஏறி, விரிசலைச் சுற்றி, மறைந்து போகும் வரைக்கும் பொறுத்திருந்தேன். பிறகு வரிசையை மாற்றி, குரலை ஏற்றாமல் இறக்காமல் கேட்டேன். “பாப்பா, இங்க இருக்கியா, முன்னாடி இருந்த எடத்துக்குப் போறியா?” பாப்பா இங்க இருக்கேன் என்றாள்.